குத்திக்கொள்ளலாமா? அக்குபங்சர் பற்றி வாசகர் கேட்டவை

போன இதழில் புற்றுநோய் வலியைப் பற்றி எழுதும்போது போகிறபோக்கில் அக்குபங்சர் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டேன், உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன வைத்தியம். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பாதிப் பேருக்கு அது சர்வரோக நிவாரணி, மீதிப் பேருக்கு அது சுத்த ஏமாற்று. நான் வலி நிவாரணப் பிரிவில் வேலை பார்க்கும் ஆங்கில மருத்துவன், பிற்பாடு ஊசி குத்தவும் கற்றுக்கொண்டவன், ஆகவே இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒன்றரை வருடமாக லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் விரலை மடக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, டப்பா மூடி திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறார். "இந்த மாத்திரையே எனக்கு வேண்டாம்" என்று அடம் பிடிக்கிறார். அக்குபங்சர் உதவுமா? – வாசகி, திருச்சி

உதவ வாய்ப்பு இருக்கிறது. இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே நான் தயங்காமல் "போய்ப் பாருங்கள்" என்று சொல்லக்கூடியது உங்களுடையதுதான்.

முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், இது அவர் மனப்பிரமையும் இல்லை, வயதுக் கோளாறும் இல்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் ஒரே குடும்பத்து மாத்திரைகள். மாதவிடாய் நின்ற பெண்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உருவாவதையே இவை அடைத்துவிடும். ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் வகைப் புற்றுநோய்க்கு அதனால் சாப்பாடு கிடைக்காது, நல்லதுதான், ஆனால் கூடவே மூட்டுகளும் வாடிவிடுகின்றன. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டு வலியும் காலை விறைப்பும் வருகின்றன. ஐந்து வருடமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டிய மாத்திரையை இந்த வலிக்காகவே நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அங்கேதான் ஆபத்து. வலி போய்விடும், ஆனால் நோய் திரும்பி வருவதற்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினையோடு இருந்த 226 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு நிஜமான அக்குபங்சர், ஒரு பிரிவுக்கு அக்குப் புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலி ஊசி, மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த ஆறு வாரம் வாரத்துக்கு ஒரு முறை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் நிஜ ஊசிக்காரர்களுக்குச் சுமார் 2 புள்ளி குறைந்தது, மற்ற இரண்டு பிரிவுக்கும் சுமார் 1 புள்ளி. ஒரு புள்ளிதானே வித்தியாசம் என்று கேட்பீர்கள். நியாயம்தான், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆறு மார்க் வலி நாலாகும்போது டப்பா மூடியைத் தானே திறந்துவிடலாம், மாத்திரையையும் தொடரலாம். எனக்கு அதுதான் கணக்கு. 2022இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வலி வழிகாட்டுதலிலும் இந்த மூட்டு வலிக்கு அக்குபங்சரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதே ஆய்வில் நிஜ ஊசி குத்திக்கொண்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தோலில் ரத்தம் கன்றிப்போனது, அதையும் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், பயந்துவிடப் போகிறார். எந்தப் பக்கம் அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தார்களோ அந்தக் கையில் குத்த வேண்டாம் என்று முதல் நாளே சொல்ல வேண்டும், ஏற்கெனவே வீக்கம் வரக் காத்திருக்கும் கை அது. புற்றுநோய் மருத்துவரிடமும் பேசுங்கள், அதே குடும்பத்தில் வேறு மாத்திரைக்கு மாற்றினாலே சிலருக்கு வலி குறைகிறது. அப்புறம் நடைப்பயிற்சி. அதுவும் இந்த வலியைக் குறைக்கும், காசும் கிடையாது, ஆனால் அதைச் சொன்னால் மட்டும் யாரும் கடிதம் போட்டு நன்றி சொல்வதில்லை.

மனைவிக்கு மூன்றாவது கீமோ. கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே ஓங்கரிக்கிறாள். மணிக்கட்டில் ஒரு இடத்தை அழுத்தினால் வாந்தி நிற்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா? – வாசகர், கோவை

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. சீனர்கள் நெய்குவான் என்று சொல்லும் புள்ளி அது. உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி மனைவியின் கையைத் திருப்பி வையுங்கள். மணிக்கட்டு மடிப்புக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி வாருங்கள், விரல் அகலம் என்றால் உங்கள் விரல் இல்லை, மனைவியின் விரல். கையை இறுக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னால் இரண்டு நரம்பு மாதிரி எழும்பி நிற்கும், உண்மையில் அவை தசைநாண்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் இடம். கட்டை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திச் சின்ன வட்டமாகத் தேய்க்கலாம், வலிக்கிற அளவுக்கு வேண்டாம்.

இந்தப் புள்ளியை மேற்கத்திய மருத்துவர்கள் கவனித்ததற்கு ஒரு காரணம், அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்த ஜான் டண்டீ என்ற மயக்க மருந்து நிபுணர். ஆபரேஷனுக்கு வந்த பெண்களுக்கு இந்த இடத்தில் ஊசி வைத்து, பிறகு யார் யார் வாந்தி எடுக்கிறார்கள் என்று எண்ணி 1986இல் எழுதினார். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள். ஆபரேஷனுக்குப் பிந்தைய குமட்டலுக்கு மட்டும் 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2015இல் வந்தது, பலன் உண்டு என்றுதான் அதுவும் சொன்னது. கீமோ வாந்தியில் நிலவரம் கொஞ்சம் வேறு. மெல்லிய மின்சாரம் ஓட்டிய ஊசி முதல் நாள் வாந்தியைக் குறைத்தது, விரலால் அழுத்துவது முதல் நாள் குமட்டலின் கடுமையைக் குறைத்தது, வாந்தியைக் குறைக்கவில்லை. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் வாந்தி மாத்திரையும் சாப்பிட்டவர்கள்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே ஒண்டான்செட்ரான் முதலான வாந்தி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், முன்கூட்டியே கொடுங்கள். இடையில் மணிக்கட்டை அழுத்திவிடுங்கள். உங்கள் மனைவிக்கு அந்தப் புள்ளியைவிட நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பதில் அதிகப் பலன் கிடைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தாளிப்பைக் கொஞ்ச நாள் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தாளிக்காமலே சாப்பிடுங்கள்.

வலிக்குமா? – வாசகி, காரைக்குடி

எறும்பு கடிக்கிற அளவு, சில இடங்களில் அதுகூட இல்லை. நாம் மருந்து ஏற்றிக்கொள்ளும் ஊசி சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே துளை உண்டு. அக்குபங்சர் ஊசி 0.25 மில்லிமீட்டர் அளவுதான், துளை கிடையாது, வளைத்தால் வளையும். குத்தியபின் அந்த இடம் கனக்கிற மாதிரி, மந்தமாக இழுக்கிற மாதிரி ஒரு உணர்வு வரலாம், சீனர்கள் அதை "தே சி" என்பார்கள், வந்தால் நல்லது என்றும் சொல்வார்கள். சுருக்கென்று மின்சாரம் அடித்தமாதிரி இருந்தால் வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். சாப்பிடாமல் போகாதீர்கள், மயக்கம் வரும்.

ஒரு தொடு சிகிச்சைக்காரர் நாடி பார்த்துவிட்டு, "உடம்பே தன்னைச் சரிசெய்துகொள்ளும், எல்லா மாத்திரையும் விஷம், இன்றோடு நிறுத்துங்கள்" என்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, இன்சுலினும் போடுகிறார். அப்பா நிறுத்தத் தயாராகிவிட்டார். என்ன செய்வது? – வாசகர், மதுரை

தம்பி, இதைப் படித்ததும் முதல் வேலையாக இன்சுலினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்பா கையில் கொடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற பெயரில் இரண்டு விதமான காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, ஊசியை வைத்துச் செய்வது. இன்னொன்று, ஊசியே இல்லாமல் ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அனுப்புவது. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் எதுவும் இந்த ஒற்றைத் தொடுதலைப் பற்றியது இல்லை. அங்கே கிடைத்த பலனை இங்கே கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. தொட்டுவிட்டுப் போகட்டும், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது, காசும் பலரிடம் குறைவுதான், சில பேர் வாங்குவதே இல்லை. பிரச்சினை தொடுவதில் இல்லை, "மாத்திரையை நிறுத்து" என்கிற அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு இளம்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போடுகிறவள். யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தி நாலாவது நாள். மூச்சு வேகமாக இரைக்கிறது, அழுகிய பழ வாசனை அடிக்கிறது, வாயெல்லாம் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஐசியூவில் நாங்கள் பட்டபாட்டை விடுங்கள், பிழைத்துவிட்டாள். அவள் அம்மா வெளியே உட்கார்ந்து, "முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தாள் டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் இதில் இருக்கிற மோசடி, முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் இன்னும் மோசம், மாதக்கணக்கில் ஒரு அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் கை கால் இழுத்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள், வீம்பு கூடும். "நீங்கள் அங்கேயும் போங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள், மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டரே குறைக்கட்டும்" என்று பேரம் பேசுங்கள். பெரும்பாலான அப்பாக்கள் இதற்கு மடங்குவார்கள். கச்சேரியில் மிருதங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாடகரை மேடையிலிருந்து இறக்கிவிட்டு வாசிக்க மாட்டார்கள் இல்லையா, பக்கவாத்தியத்துக்கு உள்ள இடம்தான் ஊசிக்கும்.

எந்த இடத்தில் குத்தினாலும் ஒன்றுதான் என்று ஆய்வே சொல்கிறதாமே? அப்படியானால் எல்லாம் மனசுதானே டாக்டர்? – வாசகர், சென்னை

நீங்கள் சொல்கிற ஆய்வு ஜெர்மனியில் நடந்தது, 2007இல் வந்தது. நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 1,162 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நிஜ ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன், போலி ஊசியில் 44.2 சதவீதம், மாத்திரை உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியத்தில் 27.4 சதவீதம். இதை வைத்து ஊசிக்காரர்கள் "பார், வழக்கமான வைத்தியத்தைவிட எவ்வளவோ மேல்" என்றார்கள், எதிர்க்கட்சி "பார், போலிக்கும் நிஜத்துக்கும் வித்தியாசமே இல்லை" என்றது. இரண்டு பேரும் சொன்னது உண்மை! ஜெர்மனியின் பொதுக் காப்பீடு முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் ஊசிக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்ததே இந்தத் தொடர் ஆய்வுகளுக்குப் பிறகுதான்.

ஒரே ஆய்வைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்றால், 39 ஆய்வுகளில் இருந்த 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொருவராக எடுத்துச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு 2018இல் வந்தது. முதுகு, கழுத்து, தோள், முழங்கால், நாள்பட்ட தலைவலி. நிஜ ஊசி போலி ஊசியைவிட மேல்தான், ஆனால் சின்ன வித்தியாசம். எதுவும் செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம், பலன் ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலும் நின்றிருந்தது. ஆக, ஊசியின் வேலை கொஞ்சம், படுத்து ஓய்வெடுப்பதும் ஒருவர் நம்மைக் கவனிப்பதும் நம்பிக்கையும் சேர்ந்து செய்யும் வேலை நிறைய. எலிகளில் பார்த்தால் குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் சுரந்து வலியைத் தணிக்கிறது, உடம்பே செய்துகொள்ளும் அபின் மாதிரியான எண்டார்ஃபினும் வருகிறது, ஆகவே எல்லாமே மனசு என்று தள்ளிவிடவும் முடியாது. உடம்பில் "சி" என்ற சக்தி நாளங்களில் ஓடுகிறது என்பதை மட்டும் நான் நம்புவதில்லை, எந்தப் பிரேதப் பரிசோதனையிலும் அந்த நாளம் அகப்பட்டதில்லை.

கதை கட்டுவதிலும் இரண்டு தரப்பும் சளைத்ததில்லை. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971இல் பெய்ஜிங் போன இடத்தில் குடல்வால் வீங்கி ஆபரேஷன் செய்துகொண்டார், அந்த அனுபவத்தை அவர் எழுதியபிறகுதான் அமெரிக்காவே ஊசியைத் திரும்பிப் பார்த்தது. ஊசியால் மயக்கி ஆபரேஷன் செய்தார்கள் என்று இன்றைக்கும் மேடையில் பேசுகிறார்கள். அவரே எழுதியிருக்கிறார், ஆபரேஷன் நடந்தது வழக்கமான மரப்பு மருந்தில். ஆபரேஷனுக்குப் பிந்தைய இரண்டாவது இரவு வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோதுதான் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி வைத்தார்கள், ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தது. எனக்கு இந்த நிஜக் கதைதான் பிடித்திருக்கிறது, கத்தி செய்ய வேண்டியதைக் கத்தி செய்துவிட்டது, உப்புசத்துக்கு ஊசி வந்தது.

மாமாவுக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் எச்சிலே ஊறுவதில்லை. ரசம் ஊற்றிக் குழைத்தால்தான் சோறு இறங்குகிறது. ஊசி குத்தினால் எச்சில் ஊறுமா? – வாசகர், நாகர்கோவில்

கொஞ்சம் ஊறலாம். 2019இல் ஒரு வேடிக்கையான முடிவு வந்தது. ஷாங்காயிலும் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் மொத்தம் 399 பேருக்குக் கதிர்வீச்சு நடக்கும்போதே ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஷாங்காயில் நிஜ ஊசிக்குப் பலன், போலி ஊசிக்கு இல்லை. ஹூஸ்டனில் போலி ஊசியும் நிஜத்துக்குச் சமமாக வேலை செய்தது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். மாமாவுக்குக் கதிர்வீச்சு முடிந்துவிட்டது, ஆகவே எட்டுப் பத்து முறை முயன்று பாருங்கள், தேறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பல் மருத்துவரைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள், எச்சில் இல்லாத வாயில் பல் வெகு சீக்கிரம் சொத்தையாகும்.

யாரெல்லாம் குத்திக்கொள்ளக் கூடாது? – வாசகி, சேலம்

பொதுவாக ஆபத்து குறைந்த வைத்தியம்தான். பிரிட்டனில் 2001இல் வந்த இரண்டு ஆய்வுகளில் 66,000க்கு மேற்பட்ட முறை குத்தியதில் பெரிய விபரீதம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர்கள் முறையாகப் படித்தவர்கள். தோளிலும் மார்பிலும் ஆழமாகக் குத்தி நுரையீரல் ஓட்டையானவர்கள் உண்டு, ஒரே ஊசியைப் பலருக்கும் குத்தி மஞ்சள் காமாலை பரவியதும் நடந்திருக்கிறது. கீமோவில் இருப்பவர்களுக்கு ரத்த அணுக்கள் மிகவும் இறங்கிய நாட்களில் வேண்டாம், எங்கள் பிரிவில் நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) 500க்குக் கீழேயோ தட்டணு (ரத்தத்தை உறையவைக்கும் அணு) 20,000க்குக் கீழேயோ போனால் தொடுவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் ஓட்டும் ஊசி கூடாது. கர்ப்பிணிகள் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தவிர்க்க வேண்டிய புள்ளிகள் உண்டு. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குக் காலில் வேண்டாம், புண்ணானாலும் தெரியாது.

முழங்கால் தேய்மானத்துக்கு? – வாசகர், தஞ்சாவூர்

ஜெர்மனிக்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள், எந்த வைத்தியம் செய்யலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வேண்டாம் என்றுவிட்டது. அதே நைஸ் ஒற்றைத் தலைவலிக்கு ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் பத்து முறை வரை போட்டுப் பார்க்கலாம் என்கிறது. நான் முழங்காலுக்கு முதலில் தொடைத் தசைப் பயிற்சி, எடை குறைப்பு, அதற்குப் பிறகும் வலித்தால் ஆறு முறை ஊசி என்று போவேன்.

எங்கே போவது? எப்படித் தேர்ந்தெடுப்பது? – வாசகி, விழுப்புரம்

நம் நாட்டில் இதற்குக் கொல்கத்தாதான் தாய்வீடு. 1938இல் ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு உதவ டாக்டர் கோட்னிஸோடு போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பிஜய் குமார் பாசு, பிற்பாடு மறுபடியும் அங்கே போய்க் கற்றுக்கொண்டுவந்து தொடங்கிவைத்தார். மேற்கு வங்கத்தில் 1996இல் தனிச் சட்டமே போட்டார்கள். இங்கே ஐந்தரை வருடம் இயற்கை மருத்துவம் படித்த பட்டதாரிகளின் பாடத்தில் அக்குபங்சர் உண்டு, ஆகவே அரசு இயற்கை மருத்துவப் பிரிவுகளில் முதலில் விசாரியுங்கள், செலவும் இராது. வாரக் கடைசியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து மயங்காதீர்கள்.

போனதும் கவனியுங்கள், ஊசி உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்கிறாரா, கை கழுவுகிறாரா, குத்திய ஊசிகளை எடுக்கும்போது எண்ணுகிறாரா, எடுத்ததை மறுபடி டப்பாவில் போடாமல் தூக்கி எறிகிறாரா. உங்கள் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர் நல்லவர். ஆறு முறைக்குள் எந்த மாற்றமும் இல்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம், "நாற்பது முறைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஆன்லைனில் ஊசிப் பெட்டி விற்கிறார்கள். வீடியோ பார்த்து நானே குத்திக்கொள்ளலாமா? – வாசகர், ஈரோடு

வேண்டாம். மணிக்கட்டை அழுத்திக்கொள்ளுங்கள், அதற்கு வீடியோகூடத் தேவையில்லை, மேலே எழுதியிருக்கிறேன்.